கணக்குப் பாடமா? மந்திர பாடமா?

நமது நாட்டில் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகின்ற மாதிரியைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத வேண்டுமென்று வெகு நாளாக எண்ணியிருந்தோம். ஜாதியையும் மதத்தையும் சடங்கையும் பற்றி எழுத வேண்டிய பத்திரிகையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கூட்டல் கழித்தலுக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நம்மைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலைதான். எப்படியெனில், ஒரு மனிதன் தன் சொந்தப் புத்தியைக் கொண்டு ஒரு சங்கதியைச் சரியென்றோ தப்பென்றோ தானே கண்டுகொள்வதற்கு முதன் முதலாக அவனுக்குக் கிடைக்கின்ற இடம் கணக்குத்தான். சரித்திரத்தில் வாத்தியார் சொன்னதை நம்பித்தான் ஆகவேண்டும். இலக்கணத்தில் முன்னோர் வைத்த பெயரை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 7-ம் 5-ம் சேர்ந்தால் 12 என்பதற்கு எந்த ரிஷியும் வந்து சாட்சி சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வயதுக் குழந்தை புளியங்கொட்டையைப் பரப்பி எண்ணிப் பார்த்துவிட்டு, வாத்தியாரே 13 என்றாலும் "இல்லை சார்" என்று சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட பாடத்தைக்கூட நம்மவர்கள் மந்திரம்போல் ஆக்கி வைத்திருக்கிறார்களே என்பதுதான் நமது குறை.

பிரான்சு தேசத்தில் கிரெனோபிள் என்கிற ஊரில், கணக்குக் கற்பிப்பதைப் பற்றி ஆராய்கின்ற ஒரு ஸ்தாபனத்தார் 1979-80-ல் ஒரு வேடிக்கையான பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். இரண்டாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 97 பேரிடம் ஒரு கேள்வி கொடுத்தார்கள். "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவனுக்கு வயது என்ன?" என்பதுதான் கேள்வி. ஆட்டுக்கும் தலைவன் வயதுக்கும் சம்பந்தமில்லை என்பது எந்த மூடனுக்கும் தெரியும். ஆனால் 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களைக் கொண்டே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் புத்தியில்லாதவர்களா என்றால், அல்லவே அல்ல. பள்ளிக்கூடத்தில் கேட்கப்படுகிற கேள்விக்கு அர்த்தம் இருக்கிறதா என்று பார்ப்பது தங்கள் வேலையல்ல, இருக்கிற எண்களை எப்படியாவது கூட்டியோ கழித்தோ ஒரு விடை வைப்பதுதான் தங்கள் வேலை என்று அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. மூன்று வருஷப் படிப்பு அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது அதைத்தான்.

இதே கேள்வியை நமக்குத் தெரிந்த நாலைந்து வீடுகளில் பிள்ளைகளிடம் போட்டுப் பார்த்தோம். எல்லாரும் ஒரே வாயாய் 36 என்றார்கள். ஒரு வீட்டில் மாத்திரம் ஒரு பெண் குழந்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆட்டை எண்ணினால் ஆளு வயசு எப்படித் தெரியும்?" என்று கேட்டது. பக்கத்திலிருந்த அதன் தகப்பனார், "கேட்டதற்குப் பதில் சொல்லாமல் என்ன எதிர்க்கேள்வி, அதிகப்பிரசங்கி!" என்று அதட்டினார். அவர் நம் கூட்டங்களுக்கெல்லாம் தவறாமல் வருகிறவர். கடவுளைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், கணக்கு நோட்டைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று எங்கே படித்தாரோ தெரியவில்லை.

நிற்க. பழைய காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண் சுவடி என்று ஒன்று இருந்தது. அதில் முந்திரி என்றால் ஒன்றில் 320-ல் ஒரு பங்கு. அதற்கும் கீழே கீழ் முந்திரி என்று அந்த 320-ல் ஒரு பங்கையும் 320-ஆகப் பங்கிட்டு, அதாவது ஒன்றை 1,02,400 கூறு போட்டு, அதற்கும் வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். பொழுது விடியுமுன் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து இவைகளை ராகம் போட்டுச் சொல்ல வேண்டும். தப்பினால் பிரம்பு. இந்தப் படிப்பு பிரயோஜனமில்லாதது என்று நாம் சொல்ல வரவில்லை. நெல் அளப்பதற்கும் பொன் நிறுப்பதற்கும் நிலம் அளப்பதற்கும் அந்தக் காலத்தில் அது உபயோகமாய்த்தான் இருந்தது. ஆனால் யாருக்கு உபயோகமாய் இருந்தது என்று பார்க்க வேண்டாமா? அந்தத் திண்ணையில் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இடமில்லை. நெல்லை விளைவிக்கிறவன் ஒருவன், அதை அளந்து எழுதுகிறவன் மற்றொருவன். அளந்து எழுதுகிறவன் 'முந்திரி' 'அரைக்காணி' என்று வாய்க்குள் முணுமுணுத்து, "உன் பாக்கி இவ்வளவு" என்று சொல்லிவிட்டால், விளைவித்தவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். புரியாத பாஷையில் மந்திரம் சொல்லித் தட்சிணை வாங்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன? பரம்பரைக் கணக்குப்பிள்ளை உத்தியோகம் 1980-ல்தான் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டது என்பதை இன்றைய வாலிபர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கு என்பது ஒரு கூட்டத்தார் கையில் இருந்த சாவி. ஆகவேதான் அது எல்லார் வீட்டுக் குழந்தைக்கும் புத்திபூர்வமாய் வரவேண்டும் என்கிறோம்.

"நம் பாமர ஜனங்களின் பிள்ளைகளுக்குக் கணக்கு மூளை கிடையாது" என்று சொல்லித் திரிகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு சங்கதி. பிரேசில் தேசத்தில் ரெசீபே என்ற பட்டணத்தில் தெருவில் இளநீரும் பழமும் விற்கிற ஏழைப் பிள்ளைகள் ஐந்து பேரைச் சில ஆராய்ச்சிக்காரர்கள் பரீட்சை செய்து 1985-ல் வெளியிட்டார்கள். வாடிக்கைக்காரர்போல் போய் நின்று, "இது ஒன்று என்ன விலை? இத்தனை எடுத்தால் எவ்வளவு? இவ்வளவு கொடுத்தால் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டபோது பிள்ளைகள் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளைப் பிறகு காகிதத்தில் வெறும் எண்ணாக எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37-தான் சரியாய் வந்தது. ஒரு பன்னிரண்டு வயதுப் பையனிடம் 35 வீதம் 10 தேங்காய் என்ன விலை என்று கேட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையாயிருந்தால் பூஜ்யத்தைப் போட்டு 350 என்று சொல்லிவிடும். இந்தப் பையனோ மூன்று 105, இன்னொரு மூன்று சேர்த்தால் 210, இன்னும் நாலு வேண்டும், அதில் மூன்று சேர்த்தால் 315, மிச்சம் ஒன்று, ஆக 350 என்று வந்து சேர்ந்தான். சுற்று வழிதான். ஆனால் ஒவ்வொரு அடியும் அவன் அறிந்து வைத்த அடி. பூஜ்யத்தைப் போடுகிற பிள்ளையை "ஏன் போட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "சார் போடச் சொன்னார்" என்று சொல்லும்.

இது அந்நிய தேசத்துச் சங்கதி என்று தள்ளிவிடவும் முடியாது. 2019-ல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இன்னும் சிலரும் சேர்ந்து கல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தைகளில் வேலை செய்கிற 1,400-க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பரீட்சித்து 2025-ல் நேச்சர் பத்திரிகையில் வெளியிட்டிருக்கிறார்கள். சந்தைப் பிள்ளைகள் விலைக் கணக்கை மனதாலேயே போட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கைக் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். சந்தை அறியாத பள்ளிப் பிள்ளைகளோ நோட்டில் எழுதிய கணக்கைப் போடுகிறார்கள். சந்தைக் கணக்கில் விழுந்துவிடுகிறார்கள். இரண்டு பேருக்கும் மூளையில் குறைவில்லை. இரண்டு படிப்புக்கும் நடுவில் சுவர் எழுப்பி வைத்தவர்கள் பெரியவர்கள்.

இதைப் படித்துவிட்டு, "ஆகையால் பிள்ளைகளைக் கடையில் வேலைக்கு விட்டால் நல்ல படிப்பு வரும்" என்று யாராவது புறப்பட்டுவிடப் போகிறார்கள். 1953-ல் அப்படித்தான் சென்னை மாகாணத்தில் அரைநாள் பள்ளிக்கூடம், அரைநாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. அதன் யோக்கியதை என்ன என்று நாடே எழுந்து கேட்டது. 1954-ல் காமராசர் முதல் மந்திரியாய் வந்ததும் அது ஒழிந்தது. நாம் கேட்பது சந்தையின் புத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வரவேண்டும் என்பதே தவிர, பிள்ளையைச் சந்தைக்குத் துரத்த வேண்டும் என்பதல்ல.

இந்த நிலைமையில் நமது பட்டணங்களிலும் இப்போது பெரிய கிராமங்களிலும்கூட "வேத கணிதம்" என்று பலகை மாட்டிக்கொண்டு வகுப்பு நடத்துகிறார்கள். பெற்றோர்கள் ஆயிரக்கணக்கில் பணம் கட்டி ஆறு வயதுக் குழந்தைகளைக் கொண்டுபோய் விடுகிறார்கள். இந்தச் சரக்கின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

பூரி மடத்துச் சங்கராச்சாரியாராய் இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர் என்பவர் 1960-ல் இறந்துபோனார். அவர் எழுதி வைத்த புஸ்தகம் 1965-ல் வெளிவந்தது. அதில் 16 சூத்திரங்கள் இருக்கின்றன. அவை அதர்வண வேதத்தின் பரிசிஷ்டத்தில், அதாவது பின்னிணைப்பில், கண்டவை என்று சொல்லப்படுகிறது. லக்னோவில் கணித சரித்திர ஆராய்ச்சி செய்த கே. எஸ். சுக்லா என்பவர், சங்கராச்சாரியார் உயிரோடிருக்கும்போதே, அச்சிட்ட பரிசிஷ்டப் புஸ்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், "இதில் அந்தச் சூத்திரங்கள் எங்கே இருக்கின்றன, காட்டுங்கள்" என்று கேட்டார். புஸ்தகத்தைத் தொட்டுக்கூடப் பாராமல், அவை அந்தப் பரிசிஷ்டத்தில் இல்லை, தம்முடைய சொந்தப் பரிசிஷ்டத்தில்தான் இருக்கின்றன என்று பதில் வந்ததாக சுக்லாவே எழுதியிருக்கிறார். இதற்கு மேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது? தசமப் புள்ளி வைத்து எழுதுகிற பின்னக் கணக்கெல்லாம் அந்தப் புஸ்தகத்தில் வருகிறது. வேத காலத்தில் தசமப் புள்ளி ஏது என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. 1992-ல் உத்தரப் பிரதேச சர்க்கார் இதைப் பாடப் புஸ்தகத்திலேயே புகுத்தியது. டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக் கணித நிபுணர் எஸ். ஜி. தானி 1993-ல் இதன் வண்டவாளத்தை எழுதினார். 2001-ல் கணித அறிஞர்கள் பலர் கூட்டாகக் கையெழுத்திட்டு, இது வேதமுமல்ல, கணிதமுமல்ல என்று அறிக்கை விட்டார்கள். அப்படியும் பலகைகள் இறங்கியபாடில்லை.

இருக்கட்டும், வேதத்தில் இல்லாவிட்டால் என்ன, சீக்கிரம் கணக்கு வருகிறதே என்கிறார்கள். அதையும் பார்ப்போம். 98-ஐ 97-ஆல் பெருக்க அவர்கள் சொல்லும் 'நிகிலம்' என்ற தந்திரம் இதுதான். 98 நூறுக்கு 2 குறைவு; 97 நூறுக்கு 3 குறைவு. 98-ல் 3 போனால் 95. இரண்டும் மூன்றும் பெருக்க 06. விடை 9506. குழந்தை கைதட்டுகிறது, தகப்பனார் பூரித்துப் போகிறார், குருவுக்குத் தட்சிணை. ஆனால் இது ஏன் சரியாக வருகிறது என்று எந்த வகுப்பிலாவது சொல்லுகிறார்களா? 97 வரிசை, வரிசைக்கு 98 தென்னங்கன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு 100 என்று வைத்தால் 9,700. வரிசைக்கு இரண்டு அதிகமாய் எண்ணிவிட்டோம், ஆகவே 97 இரண்டு, 194-ஐக் கழி, 9,506. இவ்வளவுதான் ரகசியம். எட்டு வயதுக் குழந்தைக்குக் கொட்டைகளை வரிசையாய் வைத்துக் காட்டினால் புரிந்துவிடும். புரிந்த குழந்தை 99-க்கும் 48-க்கும் தானே வழி கண்டுபிடிக்கும். தந்திரத்தை மாத்திரம் படித்த குழந்தையிடம் 47-ஐ 68-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். 53 குறைவு, 32 குறைவு என்று ஆரம்பித்து, 53-ஐ 32-ஆல் பெருக்க வேண்டிய இடத்துக்கு வந்து, புறப்பட்டதைவிட மோசமான இடத்தில் நிற்கும். அப்போது குரு வேறொரு சூத்திரம் சொல்லுவார். பதினாறு இருக்கிறதல்லவா!

வேகம் என்பதைப் பற்றி நமக்கு ஒரு சந்தேகம் உண்டு. கணக்குப் போடுகிற யந்திரம் எல்லார் சட்டைப்பையிலும் கைபேசியாக வந்துவிட்ட காலத்தில், பிள்ளை யந்திரத்தோடு ஓட்டப் பந்தயம் ஓடவேண்டிய அவசியம் என்ன? எதைப் பெருக்க வேண்டும், எதைக் கழிக்க வேண்டும், வந்த விடை நடக்கக்கூடியதா என்று தீர்மானிப்பதுதான் பிள்ளையின் வேலை. நூறு பேர் கல்யாணத்துக்குப் போகவேண்டும், வண்டிக்கு 40 பேர், எத்தனை வண்டி என்றால், "இரண்டரை" என்று எழுதி, சரியென்று வாத்தியார் கோடு போட்ட நோட்டை நாம் பார்த்திருக்கிறோம். அரை வண்டி எந்த ரோட்டில் ஓடுகிறதோ தெரியவில்லை.

வாய்ப்பாடே வேண்டாமா என்றால், வேண்டும். ஆறெட்டு நாற்பத்தெட்டு என்று வாயில் வரத்தான் வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொட்டை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் ஆறெட்டு மறந்துபோனால், ஐந்தெட்டு நாற்பது, இன்னொரு எட்டு சேர்த்தால் நாற்பத்தெட்டு என்று தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரிந்த பிள்ளைதான் வாய்ப்பாட்டுக்கு எஜமான். மற்றப் பிள்ளை வாய்ப்பாட்டுக்கு அடிமை.

கழித்தலையும் பாருங்கள். 52-ல் 38 போகவேண்டும். "2-ல் 8 போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். (கடன் வாங்குவதை மாத்திரம் நம் பிள்ளைகளுக்கு வெகு சிறு வயதிலேயே பழக்கிவிடுகிறார்கள்.) பாதிப் பிள்ளைகள் கடன் தொல்லை எதற்கு என்று 8-ல் 2 போனால் 6, 5-ல் 3 போனால் 2 என்று 26 எழுதிவிடுகிறார்கள். காய்கறிக் கடை அம்மாள் எந்தக் கடனும் வாங்குவதில்லை. 38-க்கு 2 வைத்தால் 40, பத்து வைத்தால் 50, இன்னும் 2, ஆகப் பதினாலு என்று கையில் எண்ணி வைத்துவிடுகிறார். இரண்டு வழியையும் பிள்ளைக்குக் காட்டி, 26 என்று எழுதினால் "26-ஐயும் 38-ஐயும் கூட்டிப் பார், 52 வருகிறதா?" என்று கேட்டால் போதும். தன் தப்பைத் தானே பிடித்த பிள்ளை வெட்கப்படாது, சிரிக்கும். 2024-ல் கிராமப் பிள்ளைகளைப் பரீட்சித்து வெளியான அஸர் அறிக்கையில், இந்தியா முழுவதிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்குத்தான் இப்படிப்பட்ட இரண்டு இலக்கக் கழித்தல் வருகிறது என்று கண்டிருக்கிறது. தமிழ்நாட்டு சர்க்கார் 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' என்று ஆரம்பித்து ஆட்டம் பாட்டத்தோடு கற்பிக்க முயன்றது நல்ல காரியமே. ஆனால் "பிள்ளை நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே, விளையாடிவிட்டு வருகிறதே" என்று உபாத்தியாயரிடம் சண்டைக்குப் போகிற பெற்றோர்களை என்ன செய்வது?

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்களுக்குக் கணக்கு வராது என்பது ஆண்கள் கட்டிவிட்ட புரளி. பெண்ணுக்குச் சொத்தில் சம பாத்தியம் வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானித்தோம். அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 ஆயிற்று. இந்தியா முழுவதற்கும் 2005 ஆயிற்று. சட்டம் வந்தும், "உனக்குச் சீர் செய்ததைக் கழித்துக்கொண்டோம், கல்யாணச் செலவைக் கழித்துக்கொண்டோம், மிச்சம் இவ்வளவுதான், கையெழுத்துப் போடு" என்று அண்ணன்மார் நீட்டுகிற காகிதத்தில், எதிலிருந்து எதைக் கழித்தார்கள் என்று கேட்கத் தெரியாவிட்டால் அந்தச் சட்டத்தால் அவளுக்கு என்ன லாபம்?

தண்டல்காரனிடம் கடன் வாங்குகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, முன்வட்டி ஆயிரம் பிடித்து, ஒன்பதாயிரம் கையில் கொடுப்பான். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பத்துத்தானம்மா, பாங்கிக்காரன்கூட இவ்வளவு குறைவாய்க் கொடுக்கமாட்டான்" என்பான். பத்து வயதுப் பெண் உட்கார்ந்து யோசிக்கட்டும். கையில் வந்தது ஒன்பதாயிரம். அதுவும் நூறு நாளும் கையில் இருந்ததா? முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. ஐம்பதாம் நாள் பாதி போய்விட்டது. ஆகச் சராசரியாய் அம்மாள் அனுபவித்தது நாலாயிரத்து ஐந்நூறுதான். நாலாயிரத்து ஐந்நூறுக்கு நூறு நாளில் ஆயிரம் வட்டி என்றால் நூற்றுக்கு 22-க்கு மேல். வருஷத்தில் நூறு நாள் மூன்றரைத் தடவைக்கு மேல் வருகிறது. ஆக வருஷ வட்டி நூற்றுக்கு 80! இதில் பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறு வித்தை எதுவுமில்லை. தண்டல்காரன் தலை இந்த ஊரில் நிமிர்ந்து நடப்பது இந்த நாலு வரிக் கணக்கை நாம் போடாத காரணத்தினால்தான்.

"இப்படியெல்லாம் கேள்வி கேட்கப் பழக்கினால் பிள்ளைகள் பெரியவர்களை மதிக்குமா?" என்று ஒரு நண்பர் நம்மிடம் கேட்டார். தப்பாய்ச் சொல்லுகிற பெரியவரை மதிக்காது. சரியாய்ச் சொல்லுகிறவருக்கு அதனால் என்ன நஷ்டம்?

இந்த வாரம் நமது வாசகர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டுகிறோம். பகல் 12 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், பஞ்சாங்கத்தின்படி அதில் ராகு காலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி. இந்த இரண்டிலும் நல்ல காரியம் எதுவும் செய்யாமல் சும்மா இருக்கிற ஒரு குடும்பம் வருஷம் 365 நாளில் எத்தனை முழுப் பகலைத் தொலைக்கிறது? பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் அனுப்புகிற பதில்களைப் பிரசுரிப்போம். விடையை மாத்திரம் எழுதி அனுப்பினால் பிரசுரிக்க மாட்டோம். எப்படி வந்தது என்று பிள்ளை தன் வாயால் சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்ப வேண்டும். பெரியவர்கள் திருத்த வேண்டாம்.